கொட்டாங்கச்சி அருவியில் தலையாட்டியது

அண்ணாச்சி! அண்ணாச்சி, ஒரு நிமிசம்! கோவில்பட்டிப் பக்கமா போறீங்க? நல்லா இருப்பீங்க அண்ணாச்சி, ஒரு ஓரமா ஏத்திக்கிடுங்க. ஒரு ஆளுதான். ஆளு ஒண்ணு, கூட ஒரு நாய். ஐயோ, வண்டியை எடுத்துராதீங்க! கடிக்காது. கடிக்காதுன்னு எங்க மாமனார் சொல்லியிருக்காரு. நான் கேட்டுப் பாக்கல.

பின்னாடி மூட்டை மேல ஏத்திவிட்டுறட்டா? என்னது, எலுமிச்சம்பழத்து மேல நாய் உக்காந்தா கடைக்காரன் எடுக்க மாட்டானா? அதுவும் நியாயம்தான். அப்ப முன்னாடியா? நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுலயா? இவ்வளவு பக்கத்துலயா? சரி அண்ணாச்சி, நீங்க சொன்னா சரிதான். ஏறுங்க மேனேஜர். ஏறுங்க. காலைப் பாத்து வைங்க.

ஆமா, அதான் பேரு, மேனேஜர். எங்க மாமனார் வச்சது. வேலையில இருந்த காலம் பூரா ஒரு சொசைட்டியில கிளார்க்கா இருந்து, வந்த மேனேஜர் போன மேனேஜர் எல்லார்கிட்டயும் திட்டு வாங்குனவரு. ரிட்டயர் ஆன மறுநாளு ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிட்டு வந்து, 'மேனேஜர், இங்க வாங்க. மேனேஜர், உக்காருங்க'ன்னு ஆரம்பிச்சவருதான். ஆனா பழக்கதோசம் பாருங்க, மரியாதையை மட்டும் விட முடியல. வீட்டுல எல்லாருமே வாங்க போங்கதான். நீ வான்னு சொன்னா திரும்பிக்கூடப் பாக்காது. என்னை மாப்பிள்ளைன்னு கூப்பிடுறாங்க, அதுல அவ்வளவு மரியாதை தெரியல எனக்கு.

ஏன் புளியங்குடியில நடுரோட்டுல நின்னேன்னு கேக்குறீங்களா? பஸ்ஸுலருந்து இறக்கி விட்டுட்டாங்க. தென்காசியில ஏறும்போது கடைசி சீட்டுக்கு அடியில இதைப் படுக்க வச்சு மேல துண்டைப் போத்தி விட்டிருந்தேன். நல்ல புள்ளையாத்தான் படுத்திருந்தது. கண்டக்டர் விசில் அடிச்சாரு. சீட்டுக்கு அடியிலருந்து 'ஊஊ'ன்னு ஒரு சத்தம். பக்கத்துல இருந்த அம்மா என்னைப் பாத்தாங்க. நான் வயித்தைத் தடவிக்கிட்டு, 'காலையில இருந்தே சரியில்லம்மா'ன்னேன். அடுத்த ஸ்டாப்புல ஒரு விசில், ஒரு ஊளை. அந்த அம்மா பையிலருந்து ஓமத்தண்ணி எடுத்துக் குடுத்தாங்க, குடிச்சேன். கடையநல்லூர் வர்றதுக்குள்ள பாட்டில் காலி. புளியங்குடியில கண்டக்டர் குனிஞ்சு பாத்துட்டாரு. இது நிமிந்து அவரைப் பாத்தது. அவ்வளவுதான்.

அண்ணாச்சி, அது ஏன் என் மூஞ்சியையே பாக்குது? நீங்க ரோட்டைப் பாருங்க, நான் இதைப் பாத்துக்கிடுறேன்.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, இனிமே நாம சந்திக்கப் போறோமா? எனக்கு நாய்னா பயம். சும்மா பயம் இல்ல. ஒண்ணைத் தூரத்துல கண்டாலே தெருவை மாத்துற பயம். நான் பிஸ்கட் ஏஜென்சியில லைன் சேல்ஸ் பாக்குறேன். பைக்குல ரெண்டு பக்கமும் மூட்டை கட்டிக்கிட்டு கடை கடையாப் போகணும். இந்த வேலையில எதிரி யாருன்னு கேட்டா வேற கம்பெனிக்காரன்னு நினைப்பீங்க. இல்ல அண்ணாச்சி, தெருநாய்தான். பிஸ்கட் வாசனைக்கு மூணு தெருவு துரத்தும். எட்டயபுரத்துல ஒண்ணு கெண்டைக்காலைப் புடிச்சிருச்சு. ஊசி போட்டேன். வீட்டுல மஞ்சக்காமாலைக்கு ஊசின்னு சொல்லி, ஒரு மாசம் உப்பில்லாம கஞ்சி குடிச்சேன். பொய்யைக் காப்பாத்தணும்ல? பெத்த தாய்க்கே தெரியாது. ஏஜென்சியில தெரியாது. யாருக்குமே தெரியாது. அவ்வளவு பக்குவமா மறைச்சு வச்சிருக்கேன்.

அப்பறம் பங்குனியில பொண்ணு பாக்கப் போனோம். பண்பொழி தாண்டி, மலையடிவாரத்துல ஒரு சின்ன ஊரு. பொண்ணு பேரு குழல்வாய்மொழி. குற்றாலத்து அம்மன் பேரு. பேரைக் கேட்டதுமே எனக்குப் பிடிச்சுப் போச்சு. காப்பி கொண்டுவந்து குடுத்துட்டு, நிமிந்து ஒரு பார்வை பாத்தா பாருங்க, நான் அங்கனயே விழுந்துட்டேன். அந்த நேரம் பாத்து உள்ளருந்து இது வந்துச்சு. நேரா வந்து என் காலு மேல உக்காந்துருச்சு. பாதத்து மேல, முழுக் கனத்தோட. அசைஞ்சா கடிச்சிருமோன்னு ஆடாம அசையாம சிரிச்சமேனிக்கு உக்காந்திருக்கேன். மாமனார், 'அட, மேனேஜர் யாருகிட்டயும் இப்படிப் போக மாட்டாரே'ங்கிறாரு. அத்தை, 'மாப்பிள்ளைக்கு நாய்னா பிடிக்குமோ?'ங்கிறாங்க. வேற என்ன சொல்ல? 'உயிரு'ன்னேன். 'நாய்னா எனக்கு உயிரு'ன்னேன். உயிரு போயிரும்னு சொல்ல வந்தது, பாதியில நின்னுருச்சு. குழலி அந்தப் பக்கமா திரும்பி வாயைப் பொத்திக்கிட்டா. வெக்கம்போல.

வைகாசியில கல்யாணம். ஆனி மாசம் எப்படிப் போச்சுன்னே தெரியல அண்ணாச்சி, அப்படி ஒரு சந்தோசம். ஆடி பொறக்கப் போகுதுன்னு அவங்க அம்மா வீட்டுல இருந்து கூட்டிட்டுப் போக வந்துட்டாங்க. உங்களுக்குத் தெரியாததா, தலை ஆடிக்கு புருசன் ஒரு ஊரு, பொண்டாட்டி ஒரு ஊரு. ஆவணி பொறந்தாத்தான் திரும்பி வரணும். நானும் சரின்னுதான் இருந்தேன். கிளம்புற அன்னிக்கு அவ, 'ஏங்க, ஆவணியில வரும்போது மேனேஜரையும் கூட்டிட்டு வந்துரட்டா? நான் இல்லாம அவரு சரியாச் சாப்பிடுறதே இல்லையாம்'னு கேட்டா. சட்டுன்னு, 'அம்மாவுக்கு நாய்னா பயம் குழலி, பாவம், வயசான காலத்துல'ன்னு சொல்லிட்டேன்.

அவ என்ன பண்ணுனா தெரியுமா? அங்க போய்ச் சேந்ததும் எங்கம்மாவுக்கு நேரா போனைப் போட்டுட்டா. எங்கம்மா, 'பயமா? எனக்கா? மாட்டையும் ஆட்டையும் கட்டி மேய்ச்சவ நான், நாய்க்கா பயப்படுவேன்? தாராளமா கூட்டிட்டு வா தாயி'ன்னுட்டாங்க. பெத்தவங்களே காலை வாரி விட்டா நான் எங்க போய்ச் சொல்ல?

அன்னிக்கு ராத்திரி குழலி போன்ல ஒண்ணே ஒண்ணுதான் சொன்னா. 'எதுக்கு இந்தப் பொய்? நெசக் காரணத்தை உங்க வாயால சொல்லுங்க. சொல்ற வரைக்கும் நான் வரல. ஆவணி இல்ல, ஐப்பசி ஆனாலும் வரல.' அதுக்கப்பறம் எப்பப் போன் பண்ணாலும் 'ம்'. சாப்ட்டியா, ம். நல்லா இருக்கியா, ம். கோவமா, ம். எத்தனை நாளைக்கு அண்ணாச்சி ஒரு மனுசன் 'ம்'மோட குடும்பம் நடத்த முடியும்? எனக்குச் சோறு இறங்கல. லைனுக்குப் போற கடையில பிஸ்கட்டுக்குப் பதிலா ரொட்டிப் பாக்கெட்டை இறக்கிட்டு வாரேன். ஆனா நெசக் காரணத்தை எப்படிச் சொல்ல? நாய்க்குப் பயந்தவன்னு தெரிஞ்சா என்னை மதிப்பாளா? தினம் காலையில மூஞ்சியைப் பாத்துச் சிரிப்பா. அதுக்கு அவ வராமயே இருந்துறலாம்னு ஒரு நேரம் தோணும். அடுத்த நேரம், ஐயோ வராமப் போயிட்டா என்ன பண்ணுவேன்னு தோணும்.

இந்த நிலைமையில ஆடி விருந்துக்கு அழைப்பு வந்துச்சு. ஒரு நாளைக்கு மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, வேட்டி சட்டை எடுத்துக் குடுத்து, சாப்பாடு போட்டு, சாயங்காலம் பஸ் ஏத்தி விடுறதுதானே வழக்கம். அந்த ஒரு நாளைக்குள்ள அவளை எப்படியாச்சும் சமாதானப்படுத்திரணும்னு கங்கணம் கட்டிக்கிட்டுப் போனேன். நெசக் காரணத்தைச் சொல்லாம. அதான் என் திட்டம்.

போனா அத்தை அவளைத் தனியா விடணும்ல? சமையக்கட்டுல ஒரு காலு, வாசல்ல ஒரு கண்ணு. நான் தண்ணி கேட்டா அத்தை கொண்டு வாராங்க. விசிறி கேட்டா மாமனார் கொண்டு வாராரு. கைகழுவப் போனா பின்னாடியே இது வருது. அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. 'மாமா, சாரல் நல்லா விழுதே, உங்க ஊரு அருவி பாக்கணும்'னேன். அந்த ஊருக்குன்னு ஒரு அருவி இருக்கு, கொட்டாங்கச்சி அருவின்னு. வெயில் காலத்துல போனா ஒரு கொட்டாங்கச்சி நிறையிற அளவுக்குத்தான் தண்ணி சொட்டும். ஆனி கடைசி, ஆடி வந்துட்டா இடி மாதிரி விழும். புரட்டாசி வந்தா திரும்பவும் சொட்டு. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை வாயைத் திறந்து கேட்டுட்டா மறுக்க முடியுமா? அத்தை கையைப் பிசையிறாங்க. 'ஆடி மாசம், சின்னஞ்சிறுசுக தனியா போறது…' மாமனார் சிரிச்சுக்கிட்டே, 'தனியா எங்க போறாங்க? அதான் மேனேஜர் போறாருல்ல'ங்கிறாரு.

போச்சா? இருங்க, இன்னும் கேளுங்க.

முன்னால குழலி. பின்னால நான். நடுவுல இது. தென்னந்தோப்பு, அதைத் தாண்டி மாந்தோப்பு, அப்பறம் ஓடையோரமா பாறை ஏத்தம். நல்ல பாதைதான், சாரல்ல வழுக்கும். பச்சைப் பசேல்னு இருந்துச்சாம். நான் எங்க பாத்தேன்? நான் பாத்ததெல்லாம் இதோட வாலுதான். ஒரு எட்டு வெரசா வச்சு குழலிகிட்டப் போனேன்னு வைங்க, உடனே திரும்பி லொள்ளுன்னு ஒரு குலைப்பு. நான் நாலு எட்டு பின்னாடி. குழலி பாவம், அது குலைக்கும்போதெல்லாம் சுடிதார்ப் பையில இருந்து ரெண்டு வறுத்த கடலையை எடுத்துப் போட்டு அதைச் சமாதானப்படுத்துவா. அதுக்கு நன்றி வேணாம்? கடலை திங்கத் திங்க இன்னும் ஜாஸ்தியாத்தான் குலைக்குது. நான் சும்மா நின்னாக்கூட, கடலை தீந்ததும் என்னைப் பாத்து ஒரு குலைப்பு, அவளைப் பாத்து ஒரு பார்வை. இப்படி ஒரு கெட்ட குணம் புடிச்ச நாயை நான் பாத்ததே இல்ல. என்ன அண்ணாச்சி சிரிக்கிறீங்க?

நானும் சும்மா இருக்கல. சேல்ஸ்காரன்ல, பையில சாம்பிள் பிஸ்கட் இருந்துச்சு. தூரமா ஒரு பாக்கெட்டை விட்டெறிஞ்சேன். அந்த நேரத்துக்குள்ள போய்ப் பேசிரலாம்னு. போய்த் தின்னுட்டு, நான் வாயைத் தொறக்குமுன்ன திரும்பி வந்து நடுவுல நிக்குது. அடுத்து ஒரு குச்சியை எடுத்து வீசுனேன், நாயெல்லாம் ஓடிப்போய் எடுத்துட்டு வருமாமே. இது குச்சியைப் பாத்துச்சு, என்னைப் பாத்துச்சு, உக்காந்துருச்சு. கடைசியில குழலி போய் எடுத்துட்டு வந்து என் கையில குடுத்துட்டு, 'கீழ போட்டுட்டீங்க'ங்கிறா. பத்து நாளைக்கப்பறம் அவ என்கிட்டப் பேசின முதல் வார்த்தை அதுதான் அண்ணாச்சி. எனக்குக் கண்ணு கலங்கிப் போச்சு.

பேச்சு வந்துருச்சேன்னு நானும், 'குழலி'ன்னேன். அவ உடனே, 'உங்களுக்குத்தான் நாய்னா உயிராச்சே, மேனேஜரைக் கொஞ்சம் தடவிக் குடுங்களேன்'னா. அப்படியே என் கண்ணைப் பாத்துக்கிட்டு. விடுவேனா? தடவிக் குடுத்தேன். தலையில இருந்து வால் வரைக்கும், நாலு விரக்கடை உசரத்துல காத்தைத் தடவிக் குடுத்தேன். தூரத்துல இருந்து பாக்குறவங்களுக்கு அசல் தடவுற மாதிரியே இருந்திருக்கும். அவ ஒரு கையெட்டுற தூரத்துலதான் நின்னா, ஆனாலும் கண்டுபிடிக்கல. 'வேற எதுவும் சொல்லணுமா?'ன்னு கேட்டா. 'ஒண்ணும் இல்லையே'ன்னேன். 'ம்'னுட்டு நடந்துட்டா.

அப்பறம் அட்டை. சாரல் காலம்ல, பாறையிடுக்குல பூராவும் அட்டை. பெருவிரல்ல ஒண்ணு ஒட்டியிருக்கு, குளுகுளுன்னு. அட்டைக்கு நான் பயப்படல. ஆனா உதறிவிடக் காலைத் தூக்குனா, இது எட்டி வந்து என் காலை மோந்து பாக்குது. அதுக்கு நான் கத்துன கத்துல மரத்துல இருந்த குரங்கெல்லாம் ஓடிருச்சு. குழலி ஓடி வந்தா. நான் ஒரு பாறை மேல ஏறி நிக்கேன், கீழ இது வாலாட்டிக்கிட்டு நிக்குது. 'என்னாச்சு?' 'அட்டை குழலி, அட்டை.' அவ கீழ பாத்தா, மேல பாத்தா. 'அட்டை உங்க காலுல இருக்கு. நீங்க ஏன் மேனேஜரைப் பாத்துக் கத்துறீங்க?' 'அதுக்கும் ஒட்டிரக் கூடாதேன்னுதான்'னேன். எப்படி என் புத்தி? நானே அசந்துட்டேன். அவ உப்பு கொண்டுவந்திருந்தா, வச்சு எடுத்துவிட்டா. காலைப் புடிச்சு எடுக்கும்போது அவ கை சூடா இருந்துச்சு அண்ணாச்சி. நான் ஏதாவது பேசிருக்கணும் அப்ப. பேசல. இது குலைச்சிருமோன்னு மூச்சைப் புடிச்சுக்கிட்டு இருந்துட்டேன்.

சங்கரன்கோவில் தாண்டிட்டோமா? பரவாயில்ல, கதை முடியப் போகுது. மேனேஜர், கொஞ்சம் அந்தப் பக்கமா… வேணாம், வேணாம், இருங்க. அப்படியே இருங்க.

அருவி வந்துச்சு. அடேயப்பா, என்ன தண்ணி! கொட்டாங்கச்சின்னு பேரு வச்சவனைக் கூட்டியாந்து அதுக்கு அடியில நிறுத்தணும். பத்தடி தள்ளி நிக்கும்போதே மூஞ்சியில சாரல் அடிக்குது. மனுசக்குஞ்சு கிடையாது. அப்பத்தான் ஒரு அதிசயம். இது அங்கனயே ஒரு பாறையில உக்காந்துருச்சு. ஒரு எட்டு முன்னால வைக்கல. குழலி சொல்றா, 'மேனேஜருக்குத் தண்ணின்னா ஆகாது. அருவிப் பக்கமே வரமாட்டாரு.'

அண்ணாச்சி, எனக்குத் தலைக்குள்ள பல்பு எரிஞ்சுச்சு. இந்த உலகத்துல இந்த நாய் வராத இடம் ஒண்ணு இருக்கு, அது அருவிக்கு அடியில! சட்டையோட ஓடிப்போய் நின்னேன். 'வா குழலி, வா'ன்னு கையை ஆட்டுனேன். அவ தயங்கித் தயங்கி, பாறையைப் புடிச்சுக்கிட்டு வந்து பக்கத்துல நின்னா. எத்தனை நாளைக்கப்பறம்! நடுவுல நாய் இல்ல, அத்தை இல்ல, ஆடி இல்ல.

ஆனா சத்தம்! அருவிச் சத்தத்துல என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் கேக்காது. நான் அதை யோசிக்கல பாருங்க. அவ பேச ஆரம்பிச்சா. தலையில தண்ணி மொத்துது, காதுல 'ஹோ'ன்னு இரைச்சல், அவ வாய் அசையிறது மட்டும் தெரியுது. பத்து நாளாப் பேசாம வச்சிருந்ததையெல்லாம் சேத்துப் பேசுறா. எனக்கு ஒரு வார்த்தை விழல. விழலன்னு சொல்ல முடியுமா? பொண்டாட்டி மனசு விட்டுப் பேசும்போது, 'கேக்கல, திரும்பச் சொல்லு'ன்னு சொல்ற புருசன் உருப்படுவானா? அதனால தலையாட்டுனேன். நிறுத்தி என்னைப் பாத்தா. பெருசா ஒரு தலையாட்டு. அவ கண்ணு அகலமா விரிஞ்சுச்சு. திரும்ப என்னமோ கேட்டா, பாறையில உக்காந்திருந்த இதைக் கை காட்டி. அதுக்கும் ஆட்டுனேன். இன்னொண்ணு கேட்டா. ஆட்டுனேன். பிஸ்கட் கம்பெனி மீட்டிங்குல இப்படி ஆட்டித்தான் எனக்குப் புரமோசனே வந்துச்சு.

அவ என்னையே பாத்துக்கிட்டு நின்னா. அப்பறம் சிரிச்சா. அப்பறம் அழுதாளா, தண்ணியான்னு தெரியல. என் காதைப் புடிச்சு ஒரு திருகு திருகிட்டு, கையைக் கோத்துக்கிட்டு கரைக்கு வந்துட்டா. நான் காத்துல மிதக்குறேன் அண்ணாச்சி! என் தலையாட்டு எப்படி வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா?

திரும்பி வரும்போது இது குலைக்கவே இல்ல. கையைப் புடிச்சுக்கிட்டே இறங்குறோம், சும்மா வாலை ஆட்டிக்கிட்டுப் பின்னாடி வருது. குழலிக்குக் கடலை போடக்கூட ஞாபகம் இல்ல, அவ்வளவு சந்தோசம். அருவியைப் பாத்ததுல நாய்க்கும் மனசு மாறிருச்சுபோலன்னு நினைச்சேன்.

வீட்டுக்கு வந்து துணி மாத்திட்டு வெளிய வாரேன். குழலி உள்ள அத்தைகிட்ட என்னமோ குசுகுசுன்னு சொல்லிருக்கா. அத்தை கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'மாப்பிள்ளை, இந்த மனசு யாருக்கு வரும்'ங்கிறாங்க. எந்த மனசுன்னு எனக்குத் தெரியல. தலையாட்டுனேன். மாமனார் ஒரு கட்டப்பையைத் தூக்கிட்டு வாராரு. உள்ள ஒரு அலுமினியத் தட்டு, ஒரு சங்கிலி, ஒரு பழைய கம்பளி. 'மேனேஜர் தலைகாணி இல்லாமத் தூங்க மாட்டாரு மாப்பிள்ளை, அதையும் வச்சிருக்கேன்'ங்கிறாரு. எனக்கு அப்பத்தான் லேசா உறைக்குது. 'இல்ல மாமா, ஆவணியில குழலி வரும்போது…' 'எதுக்கு ஆவணி வரைக்கும்? நீங்கதான் இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன்னு அருவியில வச்சுச் சொன்னீங்களாமே. ஆடி, புருசன் பொண்டாட்டிக்குத்தான். மேனேஜருக்கு ஏது ஆடி?'

முடியாதுன்னு சொல்லிரலாம்னு வாயைத் தொறந்துட்டேன் அண்ணாச்சி. சத்தியமாத் தொறந்துட்டேன். சமையக்கட்டு நிலைப்படியில குழலி நிக்கா. தலை இன்னும் ஈரம். என்னைப் பாத்து அப்படி ஒரு சிரிப்பு சிரிக்கா. பொண்ணு பாக்க வந்த அன்னிக்குக்கூட அப்படிச் சிரிக்கல. தொறந்த வாயால, 'தட்டு ஒண்ணு போதுமா மாமா?'ன்னு கேட்டுட்டேன்.

இப்ப என் கதியைப் பாருங்க. அவ வாரதுக்கு இன்னும் எத்தனை நாளு கிடக்கு. அது வரைக்கும் நானும் இதுவும். ராத்திரி நான் எங்க படுக்க? கதவைச் சாத்துனா பிறாண்டும், தொறந்து வச்சா உள்ள வரும். அவளுக்கு நாய் மேல இருக்குற பிரியத்துல கால்வாசி என் மேல இருந்தா என்னை இப்படி மாட்டி விட்டிருப்பாளா, நீங்களே சொல்லுங்க.

இருங்க, போன் அடிக்குது. குழலிதான்! 'அலோ, குழலி! நான் கழுகுமலைகிட்ட வந்துட்டேன். பஸ்ஸுல இடம் இல்லன்னு ஒரு அண்ணாச்சி வண்டியில… ம்? …ம். …அத்தை பக்கத்துல இருக்காங்களா? …சரி.'

என்கிட்டப் பேசலியாம் அண்ணாச்சி. மேனேஜர்கிட்டப் போனைக் குடுக்கச் சொல்றா. ஆடியில புருசன்கிட்ட என்ன போன் பேச்சுன்னு அத்தை பக்கத்துலயே நிக்காங்களாம். நாய்கிட்டப் பேசினா ஒண்ணும் சொல்ல மாட்டாங்களாம். என் நிலைமையைப் பாத்தீங்களா? ஸ்பீக்கர்ல போடுறேன், இது காதுகிட்டக் கையைக் கொண்டுபோக என்னால ஆகாது. நீங்க கொஞ்சம் எஞ்சின் சத்தத்தைக் குறைங்க.

'மேனேஜர், நல்லா இருக்கீங்களா? சேட்டை பண்ணாம வாங்க, என்ன? அவரை விட்டுத் தள்ளி உக்காருங்க. மேல ஏறக்கூடாது. அவரு உங்களுக்கு ரொம்பப் பயப்படுவாரு. பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும், நீங்க கால்ல உக்காந்ததும் மூஞ்சி வெளிறிப் போச்சு. எப்பத்தான் வாயைத் தொறந்து சொல்லுவாருன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசியில அருவியில வச்சு நானே கேட்டுட்டேன். "உங்களுக்கு நாய்க்குப் பயம், அதான நெசக் காரணம்?"னு. ஆமான்னு தலையாட்டிட்டாரு மேனேஜர். ஒளிக்காம ஒத்துக்கிட்டாரு. "பயம்னா விடுங்க, மேனேஜர் இங்கனயே இருக்கட்டும், நான் மட்டும் வாரேன். இல்ல, எனக்காகக் கூட்டிட்டுப் போறீங்களா?"ன்னேன். அதுக்கும் ஆமான்னு ஆட்டிட்டாரு. "இன்னிக்கேவா?"ன்னேன். அதுக்கும். இவ்வளவு பயத்தோட ஒரு மனுசன் எனக்காக உங்களைக் கூட்டிட்டுப் போறாரு. அவரைப் பாத்துக் குலைக்காதீங்க, சொல்லிட்டேன். கடலை எல்லாம் இனிமே கிடையாது. அப்பறம் ஒண்ணு, ரகசியம். ஆவணி பொறந்த அன்னிக்குக் காலையில முதல் பஸ்ஸுக்கே வந்துருவேன். உங்களைப் பாக்க இல்ல. அவரைப் பாக்க. இப்ப வச்சிரட்டா? அம்மா பாக்குறாங்க.'

வச்சுட்டா.

அண்ணாச்சி, கொஞ்சம் ஓரமா நிறுத்துறீங்களா? இல்ல, இல்ல, ஓட்டுங்க. ஒண்ணும் இல்ல. கண்ணுல எலுமிச்சம்பழக் காத்து.

இந்த விசயம் யாருக்கும் தெரியாதுன்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், அவ அன்னிக்கே தெரிஞ்சுதான் கழுத்தை நீட்டியிருக்கா. ஒளிக்காம ஒத்துக்கிட்டாருங்கிறா. நான் எங்க அண்ணாச்சி ஒத்துக்கிட்டேன்? எனக்கு ஒரு வார்த்தை காதுல விழலியே! நாயை விட்டுட்டு வாரேன்னு வேற சொல்லியிருக்கா, அதுக்கும் சேத்துத் தலையை ஆட்டித் தொலைச்சிருக்கேன். இப்ப நான் என்ன பண்ண? திரும்பப் போன் போட்டு, 'குழலி, எனக்கு ஒண்ணுமே கேக்கல, சும்மாதான் தலையாட்டுனேன்'னு உள்ளதைச் சொல்லிரவா? பொய் சொல்லக்கூடாதுன்னுதானே அவ இவ்வளவு நாளு…

என்னது?

வாயை மூடிக்கிட்டு வரச் சொல்றீங்களா?

சரி. நீங்க சொன்னா சரிதான் அண்ணாச்சி. மூடிக்கிடுறேன். இந்தா, மூடிட்டேன்.

ஆனா ஆவணி ஒண்ணாந்தேதி முதல் பஸ்ஸுக்கு வாராளாம் அண்ணாச்சி. நாயைப் பாக்க இல்ல, என்னைப் பாக்க. அவளே சொன்னா. நாய்கிட்டச் சொன்னா.